ஆற்றையோ வளவு

ப்ரோடி அரண்மனை இரண்டு தடவை எரிந்திருக்கிறது. முதல் தடவை 1758இல், பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடெரிக்கின் கட்டளைப்படி. இரண்டாவது தடவை 1945இல், போர் முடிகிற நேரத்தில், சோவியத் படைகள் வந்த பிறகு. முதல் தீயிலிருந்து அது முழுதாக எழும்ப நூற்றைம்பது வருசத்துக்கு மேல் பிடித்தது. 1919இல்தான் சொந்தக்காரர்கள் ஒழுங்கான திருத்த வேலையைத் தொடங்கினார்கள், 1924இல் முடித்தார்கள். இருபத்தொரு வருசம் நல்ல வீடாக நின்றது. பிறகு அடுத்த தீ. அதிலிருந்து அது இன்னும் எழும்பவில்லை.

ப்ரோடி இருப்பது போலந்தின் மேற்கு ஓரத்தில், ஜேர்மன் எல்லையாக ஓடும் நைஸ ஆற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. 1945 வரை அது ஜேர்மனியின் சிறு நகரம், பெயர் ஃப்யோர்ட்டன். போருக்குப் பிறகு நாடு மாறியது, பெயர் மாறியது, நகரம் என்ற தகுதியும் போய்க் கிராமமானது. நான் வேலை செய்வது ஆற்றுக்கு இந்தப் பக்கம், கோட்புஸ் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஃபோர்ஸ்ட் வரை ரயிலில் போய், ஆற்றைக் கடந்து மிதித்தால் ஒரு மணித்தியாலத்தில் ப்ரோடி. மூன்று வருசத்தில் ஏழெட்டுத் தரம் போய்விட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் பேர்லினுக்குப் போவார்கள், ட்ரெஸ்டனுக்குப் போவார்கள். இடிஞ்ச வீட்டைப் பாக்க ஏன் இவ்வளவு தூரம் போறாய் என்று அம்மா போனில் கேட்பா. "அது ஊரிலயே நிறையக் கிடந்துதே."

போகிற வழியே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஃபோர்ஸ்ட்டில் நைஸ ஆற்றுக்குள் பழைய பாலமொன்றின் தூண்கள் நிற்கின்றன, மேலே பாலம் இல்லை. 1945இல் தகர்த்தது. அந்தக் காலத்தில் ஃபோர்ஸ்ட் ஆற்றின் இரண்டு கரையிலும் இருந்த துணி ஆலை நகரம். கிழக்குக் கரைப் பகுதி இன்று ஸசியெகி என்ற சின்னக் கிராமம். முன்பு தெருக்கள் இருந்த இடத்தில் மரங்கள். சைக்கிளை நிறுத்திவிட்டுக் காட்டுக்குள் பத்து அடி வைத்தால் பாசி பிடித்த வாசற்படி தட்டுப்படும். படி இருக்கும், வீடு இருக்காது.

பிறகு ஒரே பைன் காடு. காடு விலகியதும் ப்ரோடியின் பழைய நகர வாசல் வருகிறது. ஊரை விடப் பெரிய வாசல் அது. இந்தச் சின்னக் கிராமத்துக்கு எதற்கு இப்படி ஒரு கோட்டை வாசல் என்று முதல் தடவை சிரிப்புத்தான் வந்தது. உள்ளே போகப் போகத்தான் விளங்குகிறது: ஊரே ஒரு வீட்டுக்காகக் கட்டப்பட்டது. வாசல், சந்தைத் திடல், தெரு எல்லாமே அரண்மனையை மனதில் வைத்து, கோடு போட்டு வைத்த மாதிரி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் வீட்டையும் அதைச் சுற்றிய காணியையும் சேர்த்து வளவு என்போம். கிணறு, அடுப்படி, மாட்டுக்கொட்டில், வேலி, வேலியோரப் பூவரசு எல்லாம் சேர்ந்தால்தான் வளவு. ஐரோப்பியப் பிரபுக்களின் எஸ்டேட் பற்றி எங்கே வாசித்தாலும் என் மனம் தானாக அதை வளவு என்று மாற்றிக்கொள்ளும். ப்ரோடியில் ஊரே வளவுக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்டியவர் ஹைன்ரிஹ் ஃபொன் ப்ரூல். 1700இல் பிறந்து, அரண்மனைப் பையனாக வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, சாக்சனியை ஆண்ட மூன்றாம் அவுகுஸ்துவின் முதலமைச்சராக ஆனவர். அந்த அரசர் போலந்துக்கும் அரசர். படம் வாங்குவதிலும் வேட்டையிலும் அரசருக்கு இருந்த ஆசை ஆட்சியில் இல்லை. ஆட்சியை ப்ரூல் பார்த்துக்கொண்டார். அரசாங்கப் பணத்துக்கும் தன் பணத்துக்கும் நடுவே அவர் பெரிய வேலி ஒன்றும் போடவில்லை என்பது பிற்காலத்தில் எல்லோரும் அவர்மீது வைத்த குற்றச்சாட்டு. 1740இல் ஃப்யோர்ட்டன் அவர் கைக்கு வந்தது. சாக்சனி அரசவையின் கட்டடக் கலைஞர் க்னோஃபெலைக் கொண்டு அரண்மனையையும் ஊரையும் புதிதாக அமைத்தார்.

இந்த வீட்டோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று அன்னப் பறவைப் பாத்திரங்கள். மைசன் பீங்கான் ஆலையில் 1737 முதல் 1742 வரை, கெண்ட்லர் என்ற சிற்பியின் தலைமையில் ப்ரூலுக்காகச் செய்த விருந்துத் தொகுதி. நூறு பேர் உட்கார்ந்து சாப்பிட, 2,200க்கு மேல் துண்டுகள். தட்டில் அலை, அலையில் அன்னம், நாணலுக்குள் கொக்கு. ப்ரூல் என்ற சொல்லுக்கு ஈரநிலம் என்று பொருள். பெயரை வைத்து ஆடிய விளையாட்டு என்று சொல்வார்கள். இருநூறு வருசம் அந்தப் பாத்திரங்களின் பெரும்பகுதி இந்த வீட்டில்தான் இருந்தது. 1945இல் உடைந்தது உடைந்து, போனது போய், மிச்சம் உலக மியூசியங்களில் தட்டுத் தட்டாக இருக்கிறது. ட்ரெஸ்டனில் ஒரு தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நூறு பேர் தின்ற தட்டுகளை ஆர் கழுவினார்கள் என்ற யோசனை எனக்குப் போகவில்லை. என் வேலை அப்படி. ஒரு நாளைக்கு மூன்று நேரமும் தட்டு அடுக்குகிறவள் நான்.

ஃப்ரெடெரிக்குக்கு ப்ரூலைக் கண்ணில் காட்டக் கூடாது. ஏழாண்டுப் போரில் சாக்சனியைப் பிடித்ததும் ப்ரூலின் வீடுகளைத் தேடித் தேடி அழித்தார். அரசரோடு வார்சாவுக்குப் போயிருந்த ப்ரூல் 1763இல், போர் முடிந்த அதே வருசம், இறந்தார். அவரை அடக்கம் செய்தது ஃபோர்ஸ்ட் நகரத் தேவாலயத்தில். நான் ரயிலால் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற வழிதான். தன் வளவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, இன்று வேறு நாட்டில் படுத்திருக்கிறார்.

அரண்மனையின் நடுக்கட்டடம் இப்போது சுவர். முன்முற்றத்தின் இரண்டு பக்கமும் நீளமான பக்கக் கட்டடங்கள். ஒன்றில் சின்ன ஓட்டலும் சாப்பாட்டுக் கடையும் நடக்கின்றன. கல்யாணங்கள் நடக்கும். ஒரு தடவை நான் போனபோது மணப்பெண் எரிந்த வீட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல வெளிச்சம் என்றான் படமெடுத்தவன். எனக்கு அதில் கோபம் ஒன்றுமில்லை. பாழ் வீட்டுக்கு அதுவும் ஒரு வேலைதானே.

அரண்மனைக்குப் பின்னால் பூங்கா, பூங்கா முடிகிற இடத்தில் ஏரி. ஏரியை முற்றத்திலிருந்தே பார்க்கத்தான் அந்தக் கோடு போட்டிருப்பார்கள். இன்று கோட்டின் நடுவே மரங்கள் வந்துவிட்டன. ஒருத்தரும் நடாத மரங்கள். விதை விழுந்து தானாக எழும்பியவை. நட்ட மரத்தையும் தானாக வந்த மரத்தையும் பிரித்துப் பார்க்க இப்போது பழகிவிட்டேன். நட்டது தனியாக நின்று கிளையை அகல விட்டிருக்கும், கீழ்க்கிளை தரையைத் தொடுகிற மாதிரி. பிறகு வந்தது வெளிச்சத்துக்கு அடிபட்டு ஒல்லியாக மேலே ஓடியிருக்கும். நடுவே செந்தட்டி மாதிரி தொட்டால் கடிக்கிற பத்தை, முள்ளுக்கொடி, ஆளுயரப் புல். சில பாதைகளை அண்மையில் துப்புரவாக்கியிருக்கிறார்கள். எல்லையின் இரண்டு பக்கத்துப் பழைய பூங்காக்களும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பில் ப்ரோடியும் இப்போது இருக்கிறது. ஆனாலும் பாதையை விட்டு இருபது அடி விலகினால் காடு.

என் இல்லத்தில் இருக்கிற ஒரு அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்தவ. ஃப்யோர்ட்டனுக்குப் பக்கத்துக் கிராமம். தகப்பன் ஒரு பெரிய பண்ணையில் குதிரை பார்த்தவர். 1945 ஜூனில் வெளியேறச் சொன்னபோது அவவுக்கு ஒன்பது வயது. கைவண்டியில் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொண்டு நடந்தார்களாம். காலில் சாக்ஸ் மாட்டிவிடும்போது அந்தப் படங்களை நான் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "அவங்கள் எல்லாத்தையும் பாழாக்கிப்போட்டாங்கள்." அவங்கள் என்றால் போலந்துக்காரர். இதை இந்தப் பக்கம் நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கட காலத்தில புல்லுக்கூடக் கோடு பிசகாது, அவங்களிட்ட போன பிறகு பார், என்கிற மாதிரி.

அந்த அம்மாவோடு நான் வாதாடவில்லை. ஒன்பது வயதில் வீட்டை விட்டவவிடம் என்ன வாதாட்டம்? ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று சொல்லக் கொக்குவில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு வலிகாமம் வடக்கில். 1990இல் இடம்பெயர்ந்தபோது எனக்கு இரண்டு வயது. எனக்கு அந்த வீட்டின் ஞாபகம் ஒன்றும் கிடையாது. பல இடம் மாறி, 1996இல் கொக்குவிலில் ஒரு வீட்டுக்கு வந்தோம். கனடாவுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் வீடு. வாடகை என்று பெரிதாக ஒன்றுமில்லை; பாத்துக்கொள்ளுங்கோ என்று விட்டது. அங்கே நாங்கள் பதினான்கு வருசம் இருந்தோம். நான் பள்ளிக்கூடம் போனது, பெரிய பிள்ளையானது, அப்பா செத்தது, எல்லாம் அந்த வீட்டில். அந்தப் பதினான்கு வருசத்தில் அம்மா அங்கே ஒரு தென்னங்கன்று வைக்கவில்லை.

கத்தரி வைப்பா, மிளகாய் வைப்பா, கீரை போடுவா. ஆறு மாசத்தில் முடிகிற எதையும் வைக்கலாம். மா, பலா, தென்னை, தோடை கூடாது. சித்தி ஒருக்கா நல்ல ஒட்டு மாங்கன்று ஒன்று கொண்டுவந்தா. அம்மா வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டா. "ஆற்றையோ வளவு," என்றா. யாருடையதோ என்பதைத்தான் எங்கள் பக்கம் ஆற்றையோ என்போம். அவ அதைச் சொல்கிற விதத்தில் ஒரு வேலி இருக்கும். சொந்தக்காரரின் மரங்களுக்குத் தண்ணி விடுவா, முற்றம் கூட்டுவா, தேங்காய் வித்த காசைக் கொப்பியில் எழுதி வைப்பா. ஆனால் ஓடு உடைந்தால் அடுத்த ஓடு போடமாட்டா. தகரத்தை வைத்து மறைப்பா. பின் விறாந்தையின் ஒரு பக்கம் மழையில் ஊறிச் சரிந்தது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சொந்தக்காரர் லீவில் வந்து பார்த்துவிட்டு, வீட்டை இப்பிடி விட்டிட்டியளே என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் கொப்பியை எடுத்துக் கொடுத்தா.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் ப்ரோடியைப் பார்க்கிறேன்.

1945இல் இந்த மண்ணுக்கு வந்த போலந்துக்காரரில் நிறையப் பேர் தாங்களே இடம்பெயர்ந்தவர்கள். போலந்தின் கிழக்குப் பகுதியை சோவியத் ஒன்றியம் எடுத்துக்கொண்டது. அங்கிருந்தவர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றி, மாட்டையும் ஏற்றி, வாரக்கணக்கில் மேற்கே கொண்டுவந்து இறக்கினார்கள். நாட்டையே தூக்கி இருநூறு கிலோமீட்டர் மேற்கே தள்ளி வைத்த மாதிரி. வந்தவர்களுக்குக் கிடைத்தது ஆற்றையோ வீடு. அடுப்பில் ஆற்றையோ பானை, சுவரில் ஆற்றையோ படம். அந்த வீடு தங்களோடு நிற்குமா என்பதும் தெரியாது. கிழக்கு ஜேர்மனி நைஸ எல்லையை 1950இல் ஏற்றுக்கொண்டது. மேற்கு ஜேர்மனி ஏற்றுக்கொண்டது 1970 டிசம்பரில். கடைசி உறுதியான ஒப்பந்தம் 1990 நவம்பரில்தான் வந்தது. அதாவது நாற்பத்தைந்து வருசம், திரும்ப வந்து கேட்பார்களோ என்ற பயம் ஏதோ ஒரு அளவில் வீட்டுக்குள் இருந்தது.

ப்ரோடியில் ஒருவரோடு இதைப் பற்றிக் கதைக்கக் கிடைத்தது. என்னோடு வேலை செய்யும் போலந்துத் தோழியின் பெரியப்பா. 1949இல் பிறந்தவர், தாய் தகப்பன் ல்வோவ் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். அவர் போலிஷில் சொல்ல அவள் ஜேர்மனில் மாற்றிச் சொன்னாள். நான் மனதுக்குள் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் சின்ன வயதில் அரண்மனைச் சுவருக்குள் விளையாடியிருக்கிறார். எரிந்த உத்தரங்களை ஆட்கள் விறகுக்கு எடுத்தார்களா என்று கேட்டேன். "எடுக்காமல்? குளிர் யாரையும் பார்க்காது" என்றார். செங்கல்லும் எடுத்தார்களாம். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அந்த வருசங்களில் மேற்குப் பகுதி நகரங்களின் செங்கல்லை அரசாங்கமே வார்சாவைக் கட்டுவதற்கு ரயில் ரயிலாக ஏற்றிக்கொண்டு போனது.

பிரபுக்களின் நிலங்களில் பெரும்பகுதி அரசுப் பண்ணைகளானது. அவரும் ஒன்றில் ட்ராக்டர் ஓட்டியவர். வேறொரு கிராமத்துப் பிரபு வீடு அது. குதிரை லாயத்தில் உரமூட்டை, விருந்து மண்டபத்தில் தானியம், மேல்மாடியில் நாலு குடும்பம். கூரை ஒழுகினால் ஒழுகாத மூலைக்கு மூட்டையை நகர்த்துவார்கள். "கூரையைத் திருத்தச் சொல்லிக் கடிதம் போடுவோம். பதில் வரும். தகரம் வராது." 1990களின் தொடக்கத்தில் அரசுப் பண்ணைகளை மூடினார்கள். அதற்குப் பிறகு மூட்டையை நகர்த்தவும் ஆள் இல்லை. இந்தப் பக்கத்துப் பழைய பிரபு வீடுகளில் பல அந்தக் கடைசி வருசங்களில்தான் விழுந்தன என்றார். போர் எரித்ததை விட ஒழுக்கு அதிகம் தின்றிருக்கிறது. அதை அவர் தன் ஆட்களின் குற்றமாகவும் சொன்னார், அரசாங்கத்தின் குற்றமாகவும் சொன்னார். ஜேர்மன்காரரின் சாபம் என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் வீட்டு முற்றத்தில் பெரிய வால்நட் மரம் ஒன்று. எப்ப வைத்தது என்று கேட்டேன். வைத்தது அவருடைய தகப்பன், 1971 வசந்தத்தில். வந்து இருபத்தைந்து வருசமாக முற்றத்தில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும்தான். 1970 டிசம்பரில் மேற்கு ஜேர்மன் தலைவர் வார்சாவுக்கு வந்து கையெழுத்துப் போட்டதை ரேடியோவில் கேட்டுவிட்டு, பனி கரைந்ததும் தகப்பன் போய் ஒரு கன்று வாங்கிவந்தாராம். அதுவரை தாய் கட்டிலுக்குக் கீழே ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தா. அதை அவ அவிழ்க்கவில்லை. தகப்பன் மரம் வைத்தார், தாய் பெட்டியை வைத்திருந்தா, இரண்டு பேரும் ஒரே வீட்டில்.

நான் அம்மாவின் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். தோழி மாற்றிச் சொன்னாள். கிழவர் தலையை ஆட்டிவிட்டு, உங்கட அம்மா கெட்டிக்காரி, அந்தக் காசை நாங்கள் என்றால் குடித்திருப்போம், என்றார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ப்ரோடியிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டருக்குள் முஸ்காவ் பூங்கா. அதையும் இதே போர்தான் கிழித்தது. இன்னும் மோசமாக, நடுவாலேயே. ப்யூக்லர் பிரபு 1815இலிருந்து முப்பது வருசம் நைஸ ஆற்றின் இரண்டு கரையையும் சேர்த்து ஒரே பூங்காவாக வளர்த்தவர். 1945இல் ஆறு எல்லையானதும் மூன்றில் இரண்டு பங்கு போலந்துக்கும் ஒரு பங்கு ஜேர்மனிக்கும் போனது. ஜேர்மன் பக்கத்து அரண்மனை எரிந்து ஐம்பது வருசம் பாழாகவே நின்றது. போலந்துப் பக்கம் புல்வெளி காடாகியது, கல்லறை மண்டபம் தகர்க்கப்பட்டது. பாலங்கள் இல்லை.

இன்று போய்ப் பார்த்தால் நம்ப முடியாது. 1980களின் கடைசியில் இரண்டு பக்கத்துத் தோட்டக் கலைஞர்களும் ஒன்றாக வேலை தொடங்கினார்கள். முதல் வேலை நடுவது இல்லை, வெட்டுவது. தானாக வந்த மரங்களை வெட்ட வெட்ட, ப்யூக்லர் வைத்த மரங்கள் உள்ளே அப்படியே நின்றிருக்கின்றன. ஒரு கரையிலிருந்து மறுகரை பார்க்கிற கோடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2004இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சொத்தாக ஏற்றது, இரண்டு நாட்டுக்கும் சேர்த்து. அரண்மனையும் மறுபடி கட்டியாயிற்று. ஆற்றைக் குறுக்கே நடந்து கடக்கலாம்.

ஏன் முஸ்காவ் எழும்பியது, ப்ரோடி எழும்பவில்லை? பேர் ஒரு காரணம். ப்யூக்லர் 1834இல் தோட்டக் கலை பற்றி எழுதிய புத்தகத்தில் தன் பூங்காவைப் படம் படமாகப் போட்டு வைத்தார். எதை எங்கே திருப்பி வைப்பது என்று பார்க்க ஒரு ஏடு இருந்தது. ஒரு கரை ஜேர்மனியில் இருந்தது இன்னொரு காரணம், அங்கே காசு இருந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது, வேலை தொடங்கிய காலம். எல்லை உறுதியாகிற காலமும் அதுவும் ஏறக்குறைய ஒன்று. ஆற்றையோ வளவு என்ற பயம் போன பிறகுதான் அந்தப் பக்கத்துக்காரரால் இந்தப் பக்கத்துக்காரரோடு சேர்ந்து ஒரே மரத்தைப் பற்றிக் கதைக்க முடிந்திருக்கிறது.

ப்யூக்லரைப் பற்றி ஒரு விசயம் சொல்லாமல் போனால் அது பொய்யான பூங்காவாகிவிடும். அவருடைய காசும் ப்ரூலுடையதைப் போலத்தான், பிறரின் உழைப்பு. கடன் முற்றியபோது, பணக்கார இங்கிலாந்துப் பெண் ஒருத்தியைக் கட்டலாம் என்று மனைவி லூசியோடு பேசிவைத்து 1826இல் விவாகரத்தே வாங்கினார்; பெண் கிடைக்கவில்லை, திரும்பி வந்து லூசியோடேயே வாழ்ந்தார். இது சிரிக்கக்கூடிய கதை. அடுத்தது அப்படியில்லை. 1837இல் எகிப்தில் ஒரு எத்தியோப்பியச் சிறுமியை அடிமையாக விலைக்கு வாங்கினார். அவளை மஹ்பூபா என்று கூப்பிட்டார்கள். முஸ்காவுக்குக் கொண்டுவந்த சில வாரத்தில், 1840 அக்டோபரில், அவள் காச நோயில் செத்துப்போனாள். முஸ்காவில்தான் புதைத்திருக்கிறார்கள். கல்லறையில் இப்போதும் பூ இருக்கிறது, ஆரோ வைக்கிறார்கள். அந்தப் பூங்காவின் மரங்களைப் பற்றி எவ்வளவோ எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பிள்ளையின் ஊர் எதுவென்று சரியாகத் தெரியாது.

1845இல் ப்யூக்லர் முஸ்காவை விற்க வேண்டி வந்தது. அறுபது வயது. கோட்புஸுக்குப் பக்கத்தில் ப்ரானிட்ஸ் என்ற தன் குடும்பத்து எஸ்டேட்டில், மரமே இல்லாத வெளியில், மறுபடி ஒரு பூங்கா தொடங்கினார். வளர்ந்த மரங்களை வேரோடு தூக்கிக் கொண்டுவர வண்டி வைத்திருந்தார். பொறுமையில்லாத மனுசன். மண்ணாலேயே பிரமிட் கட்டி, ஏரிக்கு நடுவே நிற்கிற ஒன்றில் 1871இல் அடக்கமானார். என் அறைக்குப் பக்கம்தான். மாலை வேலை முடிந்தால் நடந்து போவேன். அழகான இடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் சைக்கிள் ப்ரோடிக்குத்தான் திரும்புகிறது. ப்ரானிட்ஸில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. எல்லாம் யாரோ செய்து முடித்திருக்கிறார்கள். ப்ரோடியில் எது நட்டது, எது தானாக வந்தது என்று பார்க்கவே ஒரு நாள் போதாது.

எங்கள் காணியை இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு, 2017இல் விட்டார்கள். நான் அப்போது ஜேர்மனிக்கு வந்துவிட்டேன். அம்மாவும் மாமாவும் போய்ப் பார்த்தார்கள். வீடு இல்லை, அத்திவாரத்தின் ஒரு மூலையும் அடுப்படிப் படியும் மட்டும். நாயுண்ணிப் பத்தை, ஈச்சம் பத்தை, நடுவே யாரும் வைக்காத வேம்பு இருபது முப்பது. எது தங்கட வளவு என்று கண்டுபிடிக்கவே அரை நாள். கடைசியில் கறுத்தக்கொழும்பான் மாமரத்தை வைத்துத்தான் பிடித்தார்களாம், அம்மாவின் அப்பா வைத்த மரம். காய்க்கவில்லை, ஆனால் நின்றது. அம்மா அங்கே இப்போது ஒரு கொட்டில் போட்டிருக்கிறா. அறுபத்தெட்டு வயதில் தென்னை வைத்திருக்கிறா, ஆறு கன்று. இரண்டை மாடு கடித்துவிட்டது.

கொக்குவில் வீட்டுக்காரர் அதை விற்றுவிட்டார். வாங்கினவர்கள் வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அம்மா தண்ணி விட்ட தென்னைகளில் ஒன்றுதான் மிச்சம்.

போன ஒக்ரோபரில் ப்ரோடியிலிருந்து அம்மாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். கிழவர் ஒரு பை வால்நட் தந்துவிட்டிருந்தார், அதை முதலில் காட்டினேன். பிறகு அரண்மனைச் சுவர், இலை கொட்டிய பூங்கா, மரத்துக்கு நடுவால் துண்டு துண்டாகத் தெரிகிற ஏரி. எவ்வளவு பரப்பு என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை, பெரிசு என்றேன். எத்தினை வருசம் ஆள் இல்லாமல் கிடக்கு? எண்பது என்றேன். ஆர் கூட்டுறது? ஆரும் கூட்டேல்ல அம்மா. ஏரிக்குக் கிட்டப் போய்க் காட்டுகிறேன் என்று பாதையை விட்டு இறங்கினேன்.

"பிள்ளை, பத்தைக்குள்ள இறங்காத," என்றா. "அவ்வளவு பெரிய வளவெண்டா எங்கயாவது கிணறு இருக்கும். மூடியிருக்காது."

நான் பாதைக்கு ஏறிவிட்டேன்.